அமெரிக்காவில் கட்சி ‘சீட்’ கொடுப்பது யார்?

கேள்வி இது: அமெரிக்காவில் செனட்டர், கவர்னர் பதவிகளுக்கு ஒரு கட்சியின் சார்பில் நிற்க வேண்டுமானால் யாரிடம் போய் சீட் கேட்க வேண்டும்? விருப்ப மனு, நேர்காணல், தலைமை வெளியிடும் பட்டியல் எல்லாம் அங்கேயும் உண்டா?

யாரிடமும் கேட்க வேண்டாம் என்பதுதான் சட்டப்படியான பதில். கேட்டவர்களிடமெல்லாம் நானும் பல வருடம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் குடியிருக்கும் நியூ ஜெர்சியில் அது பாதி உண்மைதான் என்பது, தபாலில் வந்த ஒரு மாதிரி வாக்குச்சீட்டைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் கட்சியில் சேர்வது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். 2019-ல் குடியுரிமை கிடைத்ததும் வாக்காளர் பதிவுப் படிவத்தை நிரப்பினேன். பெயர், முகவரி, பிறந்த தேதியோடு ‘எந்தக் கட்சி?’ என்று ஒரு கேள்வியும் இருந்தது. அரசாங்கப் படிவத்தில் கட்சியைக் கேட்கிறார்களே என்று பேனா ஒரு நிமிடம் நின்றுவிட்டது. ஜனநாயகக் கட்சிக்கு நேராக டிக் அடித்தேன். அவ்வளவுதான், கட்சிக்காரன் ஆகிவிட்டேன். சந்தா இல்லை, உறுப்பினர் அட்டை இல்லை. கட்சி ஆபீஸ் எந்தத் தெருவில் இருக்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இந்த ஆள் வேண்டாம் என்று என்னை நீக்கக் கட்சிக்கும் வழியில்லை. எந்தக் கட்சியும் குறிப்பிடாமல் விட்டவர்கள்கூட எங்கள் மாநிலத்தில் பிரைமரி என்கிற உட்கட்சித் தேர்தல் அன்று வாக்குச்சாவடியிலேயே கட்சியைச் சொல்லிவிட்டு ஓட்டுப் போடலாம். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். வடக்கு டகோட்டாவில் வாக்காளர் பதிவே கிடையாது!

பிரைமரி என்பது நவம்பர் பொதுத் தேர்தலுக்கு முன்னால் ஒரே கட்சிக்காரர்கள் தங்களுக்குள் மோதிக்கொள்ளும் தேர்தல். விஷயம் என்னவென்றால், அதையும் அரசாங்கமே மக்கள் பணத்தில் நடத்துகிறது. தேவையான கையெழுத்துகளைத் திரட்டி மனு கொடுத்தால் யாரும் நிற்கலாம். அந்தக் கட்சிக்கு டிக் அடித்த சாதாரண மக்கள் யாருக்கு அதிக ஓட்டுப் போடுகிறார்களோ அவர்தான் கட்சி வேட்பாளர். தலைமைக்குப் பிடிக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

இதனால் வரும் கூத்துகளுக்கும் குறைவில்லை. 2018-ல் இல்லினாய் மாநிலத்தின் மூன்றாவது தொகுதியில் குடியரசுக் கட்சி சார்பில் நிற்க ஆர்தர் ஜோன்ஸ் என்று ஒருவர் மனு கொடுத்தார். நாஜி அனுதாபி, யூத இனப்படுகொலையே நடக்கவில்லை என்று பேசுகிறவர். ஜெயிக்க வாய்ப்பில்லாத தொகுதி என்பதால் எதிர்த்து நிற்க ஆளில்லை. அவரே வேட்பாளராகிவிட்டார். மாநிலக் கட்சி ‘இவருக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை’ என்று அறிக்கை விட்டதே தவிர, சீட்டைப் பறிக்க முடியவில்லை. பெரிய தலைகளும் இதே வழியில் உருண்டிருக்கின்றன. 2014-ல் பிரதிநிதிகள் சபையின் பெரும்பான்மைத் தலைவர் எரிக் கேன்டரை ஒரு கல்லூரிப் பொருளாதாரப் பேராசிரியர் பிரைமரியில் வீட்டுக்கு அனுப்பினார். 2018-ல் நியூயார்க்கில் ஜோ க்ரவுலிக்கு அதே கதி. அவரைத் தோற்கடித்த அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ் அதற்குச் சற்று முன்புவரை மதுக்கூடத்தில் வேலை பார்த்தவர்.

ஜனாதிபதித் தேர்தலுக்கு இது கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. 1968-ல் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி ஒரு பிரைமரியில்கூடப் போட்டியிடாமல், கட்சிப் பெரியவர்கள் தயவில் சிகாகோ மாநாட்டில் ஜனநாயகக் கட்சி வேட்பாளரானார். வெளியே தெருவில் போலீஸ் தடியடி, உள்ளே கூச்சல். நவம்பரில் நிக்சனிடம் தோற்றார். அந்தக் கோபத்தில்தான் 1972-க்குள் விதிகளை மாற்றி, முடிவை வாக்காளர் கையில் கொடுத்தார்கள்.

சரி, நியூ ஜெர்சிக்கு வருவோம்.

இங்கே 21 கவுன்ட்டிகள். கவுன்ட்டி என்றால் மாவட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு சேர்மன் உண்டு. யாரையும் வேட்பாளராக்கவோ தடுக்கவோ அவருக்குச் சட்டத்தில் அதிகாரம் இல்லை. ஆனால் வாக்குச்சீட்டில் ஒரு வரிசை அவர் கையில் இருந்தது.

2022 ஜூன் பிரைமரிக்கு முன்னால் வந்த மாதிரி வாக்குச்சீட்டைச் சாப்பாட்டு மேசையில் விரித்துப் பார்த்தேன். இடதுபக்கம் மேலிருந்து கீழாக ஒரு நெடுவரிசை. உச்சியில் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) வேட்பாளர், அவருக்குக் கீழே கவுன்ட்டி கமிஷனர்கள், அப்புறம் ஊர்க் கவுன்சில் வேட்பாளர்கள். ஒரு கட்டம் காலியில்லை, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் கவுன்ட்டிக் கட்சியின் பெயர். வலதுபக்கம் தள்ளி, சுற்றிலும் வெற்றுக் கட்டங்களோடு இன்னொரு பெயர் தனியாகக் கிடந்தது. பந்தியில் இடம் இல்லை என்று ஒருவரைச் சமையலறை வாசலில் இலை போட்டு உட்கார வைத்தது போல. அவரும் அதே கட்சி, அதே பதவிக்கு நிற்கிறவர். ஒரே குறை, சேர்மனின் ஆதரவு இல்லை. அந்த முதல் வரிசைக்குத்தான் இங்கே ‘கவுன்ட்டி லைன்’ என்று பெயர். ஓரத்துக் கட்டத்தைச் சைபீரியா என்பார்கள்.

ஓட்டுப் போடப் போனபோது எனக்குத் தெரிந்தது மேலே இருந்த ஒரு பெயர்தான். அதை அழுத்தினேன். கை தானாக அதே வரிசையில் கீழே இறங்கியது. சைபீரியாவில் இருந்தவர் யார் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தேடிப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

21-ல் 19 கவுன்ட்டிகளில் இந்த ஏற்பாடு இருந்தது. வாக்குச்சீட்டை வடிவமைக்கும் கவுன்ட்டி கிளார்க்கும் கட்சி சார்பில் தேர்தலில் நின்று ஜெயிக்கிறவர்தான். லைனை யாருக்குத் தருவது என்று சில கவுன்ட்டிகளில் கட்சியின் கமிட்டி உறுப்பினர்கள் கூடி ஓட்டுப் போடுவார்கள். சில இடங்களில் சேர்மன் சொல்வதே முடிவு. சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் சேர்மனைப் பகைத்துக்கொண்டால் அடுத்த முறை லைன் கிடைக்காது. அதனால் பகைத்துக்கொள்ள மாட்டார். சீட் கொடுக்கும் அதிகாரம் வேறு எப்படி இருக்கும், சொல்லுங்கள்?

இது உடைந்த விதம் சுவாரஸ்யமானது. 2023 செப்டம்பர் 22 அன்று எங்கள் செனட்டர் பாப் மெனண்டஸ் மீது ஊழல் குற்றச்சாட்டு பதிவானது. வீட்டில் தங்கக் கட்டிகளும் ரொக்கமும் எடுத்தார்கள் என்று செய்தி. மறுநாளே காங்கிரஸ் உறுப்பினர் ஆண்டி கிம், எந்த சேர்மனையும் கேட்காமல், அந்த இடத்துக்கு நிற்கிறேன் என்று அறிவித்தார். நவம்பரில் அப்போதைய கவர்னர் ஃபில் மர்ஃபியின் மனைவி டாமி மர்ஃபி களத்தில் இறங்கினார். அதுவரை எந்தத் தேர்தலிலும் நிற்காதவர். ஆனாலும் பெரிய கவுன்ட்டிகளின் சேர்மன்கள் வரிசையாக அவர் பக்கம் வந்தார்கள். பட்ஜெட்டில் கையெழுத்துப் போடுகிறவரின் மனைவியாயிற்றே.

2024 பிப்ரவரியில் மன்மத் கவுன்ட்டியில் கமிட்டி உறுப்பினர்கள் ரகசிய வாக்களித்தார்கள். மர்ஃபி தம்பதியின் சொந்தக் கவுன்ட்டி அது. அங்கே ஜெயித்தது கிம். அடுத்து, லைன் அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்று அவர் வழக்கே போட்டுவிட்டார். மாநில அட்டர்னி ஜெனரல், லைனை நியாயப்படுத்த என்னால் முடியாது என்று நீதிமன்றத்துக்கு எழுதிக் கொடுத்தார். மார்ச் 24 அன்று டாமி மர்ஃபி விலகினார். ஐந்து நாள் கழித்து நீதிபதி ஜாஹித் குரைஷி, வரும் பிரைமரியில் லைன் கூடாது என்று இடைக்காலத் தடை போட்டார். வழக்குப் போட்டவர்கள் ஜனநாயகக் கட்சியினர் என்பதால் அவர்கள் வாக்குச்சீட்டுக்கு மட்டும்தான் தடை.

அந்த ஜூன் மாதம் பக்கத்து வீட்டுக்காரரும் நானும் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று வாக்குச்சீட்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தோம். அவர் குடியரசுக் கட்சி. அவருடைய சீட்டில் பழைய வரிசைகள் அப்படியே இருந்தன. என்னுடையதில் ஒவ்வொரு பதவிக்கும் ஒரு கட்டம், போட்டியாளர்கள் எல்லோரும் அதற்குள். “உன்னுடையதைப் படித்துப் பார்த்துத்தான் போட வேண்டும் போல” என்றார். கிண்டலா பொறாமையா தெரியவில்லை. 2025-ல் இரு கட்சிக்கும் சேர்த்துச் சட்டமே வந்துவிட்டது. அந்த வருடம் கவர்னர் பதவிக்கு ஜனநாயகக் கட்சியில் மட்டும் ஆறு பேர் மோதினார்கள். கிம் இப்போது செனட்டர், அந்தச் சபையின் முதல் கொரிய அமெரிக்கர்.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2024-ல் ஒரு தனிமனிதர் ஒரு வேட்பாளருக்கு, ஒரு தேர்தலுக்கு 3,300 டாலர்தான் கொடுக்கலாம். ஆனால் 2010 நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பிறகு முளைத்த ‘சூப்பர் பேக்’ என்ற தேர்தல் நிதி அமைப்புகளுக்கு உச்சவரம்பு இல்லை, வேட்பாளரோடு சேர்ந்து திட்டமிடக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. கோடி கோடியாகக் கொட்டுகிறார்கள். இதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

படிவத்தில் போட்ட அந்த டிக் எங்கெல்லாம் போகிறது என்பதையும் பார்த்தேன். 2024 அக்டோபரில் டெலவேர் ஆற்றைத் தாண்டி பென்சில்வேனியாவுக்கு, ஜனாதிபதித் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டுக் கதவு தட்டப் போனோம். எங்கள் மாநில முடிவு முன்கூட்டியே தெரிந்ததுதான், அங்கேதான் இழுபறி. கையில் மினிவேன் என்று ஒரு செயலி. ஒவ்வொரு வீட்டுக்கும் பெயர், வயது, கட்சி, எந்தெந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்டார் என்ற விவரம். யாருக்குப் போட்டார் என்பது மட்டும் இருக்காது. ஒரு வயதான அம்மா கதவை அரையடி திறந்து, “நான் இந்தக் கட்சி என்று உனக்கு யார் சொன்னது?” என்று கேட்டார். நீங்களேதான் எழுதிக் கொடுத்தீர்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. துண்டறிக்கையைக் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டேன்.

கடைசியாக, கேள்வியில் இல்லாத ஒன்று. சேர்மனைத் தேர்ந்தெடுப்பது நான் மேலே சொன்ன கமிட்டி உறுப்பினர்கள்தான். அவர்களைத் தேர்ந்தெடுப்பது பிரைமரியில் ஓட்டுப் போடும் நாங்கள். சில தெருக்கள் சேர்ந்தால் ஒரு வட்டம், அதற்கு இரண்டு இடம். சீட் கொடுப்பவரையே தேர்ந்தெடுக்கும் இடம் என்பதால் அடிதடியாக இருக்கும் என்று நினைத்து வாக்குச்சீட்டின் கடைசிக் கட்டத்தைப் பார்த்தேன். எங்கள் வட்டத்தின் இரண்டு இடத்துக்கும் நேராக ஒரே வாசகம் அச்சாகியிருந்தது: மனு தாக்கல் செய்யப்படவில்லை.