காது கொடுங்கள்: ஜப்பானின் உறுமலும் மெட்டும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மெட்டல்கோர் பற்றியவை. தெரியாதவர்களுக்காக ஒரு வரி: ஹெவி மெட்டலின் கனத்த கிட்டாரும் ஹார்ட்கோர் பங்க்கின் ஆவேசமும் கலந்த இசை இது. சரணம் உறுமலில் போகும், கோரஸ் பாட்டாக வரும், நடுவில் எல்லோரும் சேர்ந்து வேகத்தைப் பாதியாக்கி ஓங்கி அடிக்கும் 'பிரேக்டவுன்' இருக்கும். சாமி ஊர்வலம் தெருமுக்கில் நின்றதும் பறையின் அடி மாறி, கூட்டமே ஆடத் தொடங்குமே, அந்த இடம் அது.

*"பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகன் ராத்திரியெல்லாம் ஹெட்போனில் ஜப்பான்காரர்கள் கத்துவதைக் கேட்கிறான். குளியலறையில் அவனும் கத்திப் பழகுகிறான். தொண்டை என்ன ஆகும்? இது சங்கீதம்தானா?"*
*(கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தாய்)*

சங்கீதம்தான் அம்மா. அதில் சந்தேகமே வேண்டாம்.

தொண்டை பற்றிய உங்கள் பயம் நியாயமானது. முறையாக உறுமுகிறவர்கள் நாம் சண்டையில் கத்துவதைப் போலக் கத்துவதில்லை. குரல்நாண்களுக்குச் சற்று மேலே இன்னொரு ஜோடி மடிப்புகள் இருக்கின்றன. மூச்சை வயிற்றிலிருந்து அளந்து விட்டு, அந்த மடிப்புகளை அதிர வைக்கிறார்கள். பக்கத்தில் நின்று கேட்டால் சத்தம் நாம் நினைக்கிற அளவுக்கு இருக்காது. மைக்கை வாயோடு ஒட்டிப் பிடிப்பதாலும், மிக்ஸரில் என்னைப் போன்ற ஒலியமைப்பாளர்கள் ஏற்றி விடுவதாலும்தான் அவ்வளவு பெரிதாகக் கேட்கிறது.

மகனிடம் இதைச் சொல்லுங்கள்: வலித்தால் அன்றைக்கு அத்துடன் நிறுத்த வேண்டும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். குரல் உடைகிற வயது, அதனால் ஒரே மூச்சில் நீண்ட நேரம் பழகக் கூடாது. கரகரப்பு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். எனக்குத் தொண்டையை விட ஹெட்போன்தான் அதிகக் கவலை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கிறது. பிள்ளைகளுக்கு அதே 40 மணி நேரத்துக்கு 75 டெசிபல்தான். ராத்திரியெல்லாம் கேட்டால் அந்தக் கணக்கு சீக்கிரம் தீர்ந்துவிடும். கேட்பதைத் தடுக்காதீர்கள், ஒலியைக் குறைக்கச் சொல்லுங்கள்.

*"அண்ணா, அமெரிக்காவிலும் இதே இசைதானே? எங்கள் கல்லூரிப் பசங்க ஜப்பான் ஜப்பான் என்று ஏன் உருகுகிறார்கள்?"*
*(லாஸ்பேட்டையிலிருந்து ஒரு மாணவர்)*

தம்பி, அஸ்திவாரம் ஒன்றுதான். கிட்டாரைத் தாழ்த்திச் சுருதி கூட்டுவது, ரெட்டை பெடல் டிரம்ஸ், பிரேக்டவுன் எல்லாம் அங்கிருந்து வந்தவை. வித்தியாசம் கோரஸில் இருக்கிறது. ஜப்பான்காரர்கள் எவ்வளவு கனமாக அடித்தாலும், தங்கள் ஊர் பாப் பாட்டில் கேட்டு வளர்ந்த மெட்டை விடவே மாட்டார்கள். அங்கே 'ராஜபாட்டை' என்றே பெயர் வைத்திருக்கும் ஒரு கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) வரிசை உண்டு: எஃப், ஜி, ஈ மைனர், ஏ மைனர். கிட்டாரில் மெதுவாக வாசித்துப் பாருங்கள், சந்தோஷமா சோகமா என்று சொல்ல முடியாத ஓர் ஏக்கம் வரும். இந்த வரிசையே எல்லாப் பாட்டிலும் வராது. ஆனால் அந்த ஏக்கம், உறுமல் நின்ற அடுத்த நொடியே, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் வந்து நிற்கும். அமெரிக்கக் குழு என்றால் நடுவில் ஒரு படி வைத்து இறங்கும். இவர்கள் குதிப்பார்கள்.

இதை உச்சத்துக்குக் கொண்டுபோனது ஃபியர் அண்ட் லோதிங் இன் லாஸ் வேகாஸ். பெயர்தான் அமெரிக்கா, ஊர் கோபே. 2008-ல் தொடங்கிய குழு. சோ என்பவரின் குரல் முழுக்க ஆட்டோட்யூனில் (குரலின் சுருதியைத் திருத்தும் மென்பொருள்) மின்னும், மினாமி என்பவர் உறுமுவார், அடியில் டிஸ்கோத்தேயில் ஒலிக்கிற டிரான்ஸ் எனும் மின்னணு நடன இசையின் சிந்தசைஸர் ஓடும். ஆட்டோட்யூனைச் சுருதி தப்பியதை மறைக்கத்தான் பயன்படுத்துவார்கள் என்று நினைப்பவர்கள் இவர்களைக் கேட்க வேண்டும். இங்கே அது ஒரு வாத்தியம். ஹண்டர் எக்ஸ் ஹண்டர், பாராசைட் அனிமே (ஜப்பானியக் கார்ட்டூன்) தொடர்களில் இவர்கள் பாட்டு வந்தது. உங்கள் பசங்களில் பலர் அந்த வழியாகத்தான் உள்ளே வந்திருப்பார்கள்.

ஒசாகாவின் கிராஸ்ஃபெய்த் 2006-ல் தொடங்கியது. இவர்களிடமும் சிந்தசைஸர் உண்டு, வேலை வேறு. பிரிட்டனின் தி பிராடிஜி குழுவின் பாட்டு ஒன்றைத் திரும்ப வாசித்துப் பதிவு செய்தவர்கள் இவர்கள். அந்த நடன இசையின் முரட்டுத்தனம் அப்படியே இருக்கும். லீட் கிட்டார் செய்ய வேண்டியதைப் பல இடங்களில் கீபோர்டு செய்யும். வைத்திக்குப்பத்தில் மாசி மகக் கச்சேரிக்கு மிக்ஸர் முன்னால் நின்றிருக்கிறேன், கீபோர்டின் கீழ்ச்சுரம் பாடகர் குரலை விழுங்குவதைச் சமாளிப்பதே அங்கே பெரிய வேலை. அதனால், கிட்டாரும் பேஸும் டிரம்மும் கீபோர்டும் ஒரே நேரத்தில் இடிக்க, எதுவும் எதையும் விழுங்காத இந்தப் பதிவுகளை நான் மரியாதையோடுதான் கேட்கிறேன்.

நகோயாவின் கோல்ட்ரெய்ன் அமைதியான நுழைவாயில். மசாட்டோ ஒருவரே பாடவும் உறுமவும் செய்வார், ஆங்கிலத்தில். டோக்கியோவின் கிரிஸ்டல் லேக் 2002-லிருந்து இருக்கிறது, இந்த வரிசையில் எடை அதிகம் இவர்களுக்குத்தான். ஃபுகுவோகாவின் பேல்டஸ்க் ஒரே பாட்டுக்குள் பல வகை இசைக்குத் தாவும். சிலருக்குத் தலைசுற்றும், எனக்கு மிகவும் பிடிக்கும். ஹனபியே, டோக்கியோவில் பள்ளி நாட்களிலேயே சேர்ந்த பெண்கள் குழு. ஆபீஸ் வேலையின் அலுப்பை வைத்து 2023-ல் ஒரு பாட்டுப் போட்டார்கள், உறுமலும் சிறுமிக் குரலும் மாறி மாறி வரும்.

இவ்வளவு குழுக்கள் எப்படி? பள்ளிகளில் இசைக் குழு நடத்தவே மன்றங்கள் உண்டு, மணிக்கணக்கில் வாடகைக்குப் பயிற்சி அறை கிடைக்கும். அப்புறம் 'லைவ் ஹவுஸ்' எனும் சின்ன அரங்குகள், பல கட்டடங்களின் அடித்தளத்தில். பல இடங்களில் புதுக் குழு இத்தனை டிக்கெட் விற்றாக வேண்டும், விற்காததைக் கைக்காசில் ஈடுகட்ட வேண்டும். கொடுமையான ஏற்பாடு என்பது என் கருத்து. ஆனால் காசு கட்டி மேடை ஏறுகிறவன் ஒத்திகை பார்க்காமல் ஏற மாட்டான்.

கேட்கும்போது ஒன்று கவனியுங்கள். சாதாரணமாகச் சுருதி கூட்டிய கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸ். இவர்கள் அதை 65 அல்லது 55 வரை இறக்குவார்கள். போன் ஸ்பீக்கரில் அந்த அடித்தளம் கேட்கவே கேட்காது, இரைச்சல் மட்டும் மிஞ்சும். சுமாரான ஹெட்போனாவது வேண்டும்.

*"ஜப்பானிய இசையில் மோகனம் உண்டாமே?"*
*(நெல்லிக்குப்பம், ஓய்வுபெற்ற ஆசிரியர்)*

உண்டு ஐயா. நாலாவதும் ஏழாவதும் இல்லாத அவர்களுடைய ஐந்து சுர அளவு நம் மோகனம்தான். இன்னொரு பழைய அளவு சாவேரியின் ஆரோகணத்தோடு பொருந்தும். மெட்டல்கோரில் இவற்றை அபூர்வமாகத்தான் கேட்கலாம்.

*"தமிழில் மெட்டல்கோர் பாட முடியுமா? நாங்கள் நாலு பேர் தேவனாம்பட்டினத்தில் முயற்சி செய்கிறோம். ஆங்கிலத்தில்தான் எழுத வருகிறது."*

முடியும், நன்றாகவே முடியும். ஜப்பானிய மொழியில் குறில் நெடில் வேறுபாடு உண்டு, ஒற்று இரட்டிப்பதும் உண்டு. தமிழிலும் இரண்டும் இருக்கின்றன. நெடிலில் உறுமலை நீட்டலாம். 'க்க', 'ட்ட', 'ற்ற' வரும் இடத்தில் கிட்டார் கம்பியை உள்ளங்கையால் அமுக்கி வெட்டினால் அடி இன்னும் கூர்மையாக விழும். டெல்லியின் பிளடிவுட் எனும் மெட்டல் குழு இந்தியும் டோலும் வைத்துக்கொண்டே 2022-ல் ஜப்பானின் ஃபுஜி ராக் விழாவில் வாசித்தது, 2025-ல் பேபிமெட்டல் எனும் ஜப்பானியக் குழுவோடு சேர்ந்து பாட்டும் வெளியிட்டது.

கோரஸை முதலில் எழுதுங்கள். கிட்டார் இல்லாமல், வெறும் வாயால் பாடினால் நிற்கிற மெட்டாக இருக்கட்டும். பிறகு பிரேக்டவுனுக்கு நாலு தமிழ்ச் சொல் போதும். போனில் பதிவு செய்து பத்திரிகை முகவரிக்கு அனுப்புங்கள், கேட்டுவிட்டு அடுத்த இதழில் எழுதுகிறேன்.