தொட்டில் நின்றால் கண் திறக்கும் குழந்தை

கேள்வி: என் மகளுக்கு 8 மாதம். கருங்கல் பக்கம் மாமியார் வீட்டில் இருக்கிறோம், கணவர் குவைத்தில். சேலைத் தொட்டிலில் போட்டு முக்கால் மணி நேரம் ஆட்டினால்தான் மகள் தூங்குகிறாள். கை நின்றால் கண் திறந்துவிடுகிறது. ராத்திரி நாலைந்து தடவை எழுந்து மறுபடி ஆட்ட வேண்டியிருக்கிறது. அடுத்த மாதம் நான் பள்ளிக்கூட வேலைக்குத் திரும்புகிறேன். தானாகத் தூங்கப் பழக்க முடியுமா? "பிள்ளையை அழ விடாதே" என்கிறார் மாமியார்.

பதில்: பழக்கலாம், மாமியாரோடு சண்டை போடாமலே. இரண்டு மூன்று வாரம் பிடிக்கும்.

மார்த்தாண்டத்தில் பஸ் ஏறி ஜன்னலோரம் தூங்கிக்கொண்டே நாகர்கோவில் போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஓடுகிற வண்டியில் அசந்து தூங்குவார்கள். தக்கலையில் வண்டி நின்றதும் கண் திறந்துவிடும். உங்கள் மகளுக்கும் அதேதான். இந்த வயதில் தூக்கம் சுமார் ஒரு மணி நேரச் சுற்றுகளாக வருகிறது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அரை விழிப்பு உண்டு. நமக்கும் உண்டு, புரண்டு படுத்து அப்படியே தூங்கிவிடுகிறோம், காலையில் ஞாபகம்கூட இருப்பதில்லை. அவளோ ஆட்டத்தில் கண் மூடியவள். விழிக்கும்போது ஆட்டம் இல்லையென்றால் என்னவோ தப்பாகிவிட்டது என்று நினைத்துக் கூப்பிடுகிறாள். அதனால் நள்ளிரவு அழுகைக்கான வைத்தியம் எட்டு மணிக்கே இருக்கிறது. முதலில் கண் மூடுகிற அந்தச் சில நிமிடத்தை மாற்றினால் போதும்.

தொட்டிலை விடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 8 மாதத்தில் பிள்ளை எழுந்து உட்காரும், துணியைப் பிடித்து எம்பும். சேலைத் தொட்டிலிலிருந்து தலைகீழாக விழுந்து வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். துணி கழுத்தில் சுற்றிக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது. ராத்திரி எல்லோரும் உறங்குகிற நேரத்தில் அது வேண்டாம். தரையில் கெட்டியான மெத்தை, இறுக்கமாக விரித்த துணி, கொசுவலை. தலையணை வேண்டாம், மல்லாத்திப் படுக்க வையுங்கள். மழைக்காலத்தில் குல்லா, சாக்ஸ், இரண்டு போர்வை என்று மூட்டை கட்டுகிற வழக்கம் நம் ஊரில் உண்டு. நீங்கள் போட்டிருப்பதைவிட ஒரு துணி கூடுதலாக இருந்தால் போதும். வியர்த்த பிள்ளை நன்றாகத் தூங்காது.

அடுத்து நீங்கள் எழுதாத, ஆனால் நான் ஊகிக்கிற ஒரு விஷயம்: வீடியோ கால். கணவர் வேலை முடிந்து ஏழு மணிக்கு அறைக்கு வந்து கூப்பிட்டால் இங்கே ஒன்பதரை. தூங்கப் போன பிள்ளையை எழுப்பி, முகத்துக்கு நேரே வெளிச்சத்தைக் காட்டி, "அப்பா பாரு" என்று சிரிக்க வைத்து, மறுபடி முக்கால் மணி நேரம் ஆட்டுவது. என்னிடம் வரும் தாய்மார்களில் பாதிப் பேர் வீட்டில் இதுதான் கதை. பாவம், அவருக்கும் பிள்ளையைப் பார்க்க ஆசை இருக்காதா? காலை எட்டரைக்குக் கூப்பிடச் சொல்லுங்கள். அங்கே ஆறு மணி, வேலைக்குக் கிளம்பும் நேரம். பிள்ளையும் குளித்துத் தெளிவாக இருப்பாள். வெள்ளிக்கிழமை விடுமுறையானால் பகலில் ஆசை தீரப் பேசட்டும்.

பகலில் கடைசித் தூக்கம் சாயங்காலம் ஐந்துக்குள் முடியட்டும். பகலும் ராத்திரியும் சேர்த்து 12 முதல் 16 மணி நேரத் தூக்கம் இந்த வயதுக்குச் சரி. ஏழு மணிக்கு ஏத்தங்காய்ப் பொடிக் கஞ்சியோ, நீங்கள் கொடுக்கிற எதுவோ. அப்புறம் வெந்நீரில் உடம்பு துடைத்து, உடை மாற்றி, விளக்கைக் குறைத்து, தாய்ப்பால். வீட்டில் சாயங்கால ஜெபம் இருந்தால் அதையே தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம். தினமும் அதே வரிசையில் நடந்தால் அடுத்து உறக்கம் என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும். பால் குடித்துக்கொண்டே தூங்கவிடாதீர்கள். விட்டால் தொட்டிலின் இடத்தை முலை பிடித்துக்கொள்ளும்.

இனி பழக்கம். முதல் மூன்று ராத்திரி தொட்டிலிலேயே ஆட்டுங்கள், ஆனால் முழுதாகத் தூங்கும்வரை அல்ல. இமை கனத்து, பார்வை ஒரே இடத்தில் நின்று, உதைத்துக்கொண்டிருந்த கால் தளரும். அப்போது கயிற்றை விட்டுவிட்டு, நெஞ்சில் கை வையுங்கள். முனகினால் தட்டுங்கள். தூங்கியதும் மெத்தைக்கு மாற்றிவிடுங்கள். நாலாம் நாள் முதல் மெத்தையில், விழித்திருக்கும்போதே. பக்கத்தில் படுத்து, தட்டிக்கொடுத்துப் பாடுங்கள். இரண்டு மூன்று நாளில் தட்டுவதை மெதுவாக்கி, பிறகு கையை மட்டும் வைத்து, பிறகு கையையும் எடுத்து, பக்கத்தில் இருந்தால் போதும் என்கிற நிலைக்கு வாருங்கள். ராத்திரி விழித்தாலும் அன்றைக்குத் தூங்க வைத்த அதே முறைதான். இரண்டு மணிக்கு அலுப்பில் தொட்டிலுக்கு ஓடினால் மறுநாள் இன்னும் ஓங்கி அழுவாள். பகல் தூக்கத்தைப் பிறகு பார்க்கலாம். அதுவரை யாராவது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் மட்டும் தொட்டில்.

அழுவாள், அதை மறைக்க விரும்பவில்லை. தாய் கண்ணில் படாவிட்டால் கலங்குகிற வயது இது. ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் நீங்கள் இருக்க அழுவது வேறு, தனியறையில் விட்டு அழ வைப்பது வேறு. குறித்த இடைவெளியில் போய்ப் பார்த்துவிட்டு வரும் முறையும் உண்டு. 2016-இல் ஆஸ்திரேலியாவில் 43 குழந்தைகளைக் கொண்டு நடத்திய ஆய்வில், ஒரு வருடம் கழித்தும் பெற்றோருடனான பிணைப்பில் குறை எதுவும் தெரியவில்லை. இருந்தும் உங்கள் வீட்டுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். அடுத்த அறையில் பாட்டி தவித்துக்கொண்டிருப்பார், மூன்றாம் நாள் பிள்ளையைத் தூக்கிவிடுவார். பாதியில் விட்ட பழக்கம், தொடங்காததைவிட மோசம். அதனால் இந்தத் திட்டத்தை முதலில் அவரிடம் சொல்லிவிடுங்கள்; பாட்டுப் பாடும் வேலையை அவருக்கே கொடுக்கலாம். நீங்கள் பள்ளிக்குப் போன பிறகு மத்தியானம் தூங்க வைக்கப்போவது அவர்தானே.

ராத்திரி ஒன்றிரண்டு தடவை பால் கேட்டால் கொடுங்கள்; இந்த வயதில் அது வழக்கம்தான். உறங்கட்டும் என்று சளி மருந்து ஊற்றுவதோ, தேன் தொட்டு வைப்பதோ, வசம்பு உரைத்துக் கொடுப்பதோ கூடாது.

தூக்கத்தில் குறட்டை, மூச்சுத் திணறல், எடை ஏறாமை, வெளிறிய முகம் இவற்றில் ஏதாவது இருந்தால் எதையும் தொடங்குமுன் மருத்துவரிடம் காட்டுங்கள். காய்ச்சல், பல் வலி நாட்களில் பழக்கத்தை நிறுத்திவைத்து, சரியானதும் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். நீங்கள் வேலைக்குப் போகும் முதல் வாரத்தில் மட்டும் புதிதாக எதையும் ஆரம்பிக்க வேண்டாம். இப்போது மாதம் முழுதும் கையில் இருக்கிறது, இந்த வாரமே தொடங்கலாம்.