நீலக் குறி விழுந்தும் வள்ளம் ஏன் கடலுக்குப் போகிறது?

கேள்வி: நிலாவெளிப் பக்கம் ஒரு கடற்றொழிலாளர் சங்கத்தின் செயலாளர் நான். காற்று எச்சரிக்கை வந்ததும் வட்ஸ்அப் குழுவில் போடுவேன். வாசித்ததைக் காட்டும் நீலக் குறியும் விழும். விடியப்புறம் பார்த்தால் பாதி வள்ளம் கடலில். அதே ஆட்கள் ‘கடல் பொங்குது’ என்று எங்கிருந்தோ வரும் ஒலிப்பதிவை நம்பி ஓடுகிறார்கள். திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல் படிக்கும் மகள் ஷனன், லாஸ்வெல் என்கிறாள். ரேடியோக் காலத்துக் கோட்பாடு இதற்கு உதவுமா?

பதில்: நிச்சயம் உதவும். அமெரிக்கக் கணிதவியலாளர் கிளோட் ஷனன் 1948இல் எழுதியது, சமிக்ஞை இரைச்சலைத் தாண்டிப் பிழையின்றிப் போய்ச் சேருவதைப் பற்றி. மறு ஆண்டு வாரன் வீவர் அதை மூன்று படியாக விரித்தார்: செய்தி சேர்ந்ததா, நினைத்த பொருளில் விளங்கியதா, நடத்தையை மாற்றியதா. நீலக் குறி சொல்வது முதற்படியை மட்டும். உங்கள் சிக்கல் மற்ற இரண்டிலும் இருக்கிறது.

விளங்குவதற்கு, வளிமண்டலவியல் திணைக்கள அறிக்கையைப் படம் பிடித்துப் போடாதீர்கள். சின்னத் திரையில் அந்த எழுத்தை யாரும் பெருப்பித்துப் பார்க்கமாட்டார்கள். இப்படி எழுதுங்கள்:

“செவ்வாய், 14ஆம் திகதி, மாலை 4 மணி. வளிமண்டலவியல் திணைக்கள அறிவிப்பு. இன்றிரவு கடலுக்குப் போகவேண்டாம். காற்று மணிக்கு 60 கிலோமீற்றர் வரை. போகவேண்டாம். அடுத்த செய்தி இரவு 8 மணிக்கு. செயலாளர், (சங்கத்தின் பெயர்).”

கிழமையும் திகதியும் சேர்ந்து வருவதும், ‘போகவேண்டாம்’ இருமுறை வருவதும் வேண்டுமென்றே செய்தவை. ஒன்று தவறினாலும் மற்றது காப்பாற்றும். ஷனன் சொன்ன மிகைமை இதுதான். அரசறிவியலாளர் லாஸ்வெல் கேட்ட ஐந்து கேள்விகளில் (யார், என்ன, எந்த வழியில், யாருக்கு, என்ன விளைவோடு) முதலாவது ‘யார்?’. முன்னனுப்பும்போது வட்ஸ்அப் மூல அனுப்புநரின் பெயரைக் காட்டாது. அதனால் பெயரும் நேரமும் செய்தியின் உள்ளேயே இருக்கவேண்டும்.

நடத்தையை மாற்றுவது வேறு வேலை. சமூகவியலாளர் லாசர்ஸ்ஃபெல்டின் குழு 1940 அமெரிக்கத் தேர்தலை ஆராய்ந்தபோது, ஊடகத்தைவிடப் பழகிய மனிதர்களின் பேச்சே கூடுதலாக எடுபட்டதைக் கண்டது. கரையில் அந்த மனிதர் வள்ள முதலாளியான சம்மாட்டி, அல்லது எல்லாரும் காற்றுக் கேட்கப் போகும் மூத்தவர். குழுவில் போடுமுன் அப்படிப்பட்ட நாலைந்து பேருக்குப் போன் எடுங்கள். அவர்களில் ஒருவர் தன் வள்ளத்தைக் கரையேற்றினால் பக்கத்து வாடிக்காரரும் யோசிப்பார். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது.

வதந்தியைப் பற்றி உளவியலாளர்கள் ஆல்போர்ட், போஸ்ட்மன் இருவரும் 1947இல் சொன்னது: விடயத்தின் முக்கியத்துவமும் தெளிவின்மையும் பெருகும் அளவுக்கு அது பரவும். 2004 டிசம்பர் 26ஐப் பார்த்த கரையில் முக்கியத்துவத்தைக் குறைக்கவே முடியாது. தெளிவின்மையைத்தான் குறைக்கலாம். ‘அடுத்த செய்தி 8 மணிக்கு’ என்பது அதற்குத்தான். புதிதாக எதுவும் இல்லாவிட்டாலும் 8 மணிக்கு எழுதுங்கள். தவறினால் அந்த இடைவெளியில் ஒலிப்பதிவு நுழையும். முன்னனுப்பியதைக் காட்டும் இரட்டை அம்புக்குறியோடு வருவது ஐந்து கையோ அதற்கு மேலோ மாறி வந்தது. அதை 117இல் அனர்த்த முகாமைத்துவ நிலையத்திடம் கேட்டு, உண்மையோ பொய்யோ உடனே அறிவியுங்கள்.

இருட்டுமுன் உங்கள் செய்தியை அழுத்திப் பிடித்துத் தகவல் பகுதியைத் திறவுங்கள். வாசித்தோர், கிடைத்தோர் தனித்தனியாகத் தெரியும். இரண்டிலும் இல்லாதவர் போன் அணைந்திருக்கலாம். அவர் வீட்டுக்கு ஆளனுப்புங்கள்.