நெய்வேலியில் யாரைக் கேட்பது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சமூகவியல் முதுகலை ஆய்வுக்காக எழுதுகிறேன். நிலக்கரி மின்சாரத்தைக் கைவிட்டால் நெய்வேலியில் யாருக்கு என்ன இழப்பு என்பதுதான் தலைப்பு. நிரந்தரப் பணியாளர் பட்டியலில் 400 பேரைக் குலுக்கி எடுத்து, "சுரங்கத்தை மூடினால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்கலாமா?

ர., விருத்தாசலம்

அன்புள்ள ர.,

கேட்கலாம், ஆனால் அடிபடப்போகிறவர்கள் அந்தப் பட்டியலில் இருக்க மாட்டார்கள். தென்னாப்பிரிக்காவின் கோமாட்டி அனல்மின் நிலையம் 2022 அக்டோபர் 31 அன்று நின்றது. அதை நடத்திய அந்நாட்டு அரசு மின் நிறுவனமான எஸ்காம் தன் நிரந்தர ஊழியர்களுக்கு வேறு நிலையங்களில் இடம் கொடுத்தது. வேலை போனது ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு. அவர்களுக்கு அறை வாடகைக்கு விட்டவர்களுக்கும் சோறு விற்றவர்களுக்கும் வருமானம் போனது. நிலையத்தை மாற்றியமைக்கவும் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவவும் உலக வங்கி 49.7 கோடி டாலருக்கு ஒப்புதல் தந்தது நவம்பரில், அதாவது அடுப்பு அணைந்த பிறகு.

வீடுகளிலிருந்து தொடங்குங்கள். ஆனால் வீடுகளையும் பொத்தாம்பொதுவாகக் குலுக்காதீர்கள். அனல்மின் நிலையச் சாம்பலை ஏற்றும் லாரி ஓட்டும் வீடு 20க்கு ஒன்று என்று வையுங்கள். 400 வீட்டில் 20தான் கிடைக்கும். அதில் பாதிப்பேர் பாதிப்பு என்று சொன்னால், எண்ணிக்கை இவ்வளவு சிறியது என்பதால் உண்மை 28 சதவீதமாகவும் இருக்கலாம், 72 ஆகவும் இருக்கலாம். முதலில் தெருத்தெருவாகப் போய், ஒப்பந்த வேலை, லாரி, சாம்பல் செங்கல் சூளை, கடை, விவசாயம் என்று பிரித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் 80 வீடு எடுங்கள். மொத்தக் கணக்குப் போடும்போது அந்தந்தப் பிரிவின் உண்மையான பங்குக்கு ஏற்ப எடை கொடுக்க மறக்க வேண்டாம்.

விவசாயத்தை ஏன் சேர்த்தேன் என்றால், பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நீர் நிற்கிறது. சுரங்கத் தரை பிளக்காமலிருக்க அதை இரவுபகலாக இறைக்கிறார்கள். அந்த நீர் வாய்க்கால் வழியாகச் சுற்றுவட்டார வயல்களுக்கும் ஏரிகளுக்கும் போகிறது. சுரங்கம் நின்றால் பம்பும் நிற்கும். அதே இறைப்பால் கிணறு வற்றியதாகச் சொல்பவர்களும் அங்கே இருக்கிறார்கள். வாய்க்காலுக்கு இருபுறமும் கேளுங்கள்.

"மூடினால் என்ன செய்வீர்கள்" என்ற கேள்வியை எடுத்துவிடுங்கள். "ஏதாவது பார்ப்போம்" என்பதைத் தவிர வேறு பதில் வராது. நெய்வேலியின் முதலாவது அனல்மின் நிலையம் (600 மெகாவாட்) 2020இல் நின்றே போனது. அங்கே ஒப்பந்த வேலை பார்த்தவர்களைத் தேடிப் பிடித்து, அதற்கு முன் கையில் வந்த கூலி எவ்வளவு, யார் கொடுத்தார், பி.எஃப். பிடித்தார்களா, அடுத்த வேலைக்கு எத்தனை மாதம் ஆனது என்று கேளுங்கள். இதில் ஒரு குழி இருக்கிறது: அதே ஆண்டுதான் ஊரடங்கு. கொரோனாவால் போன கூலியும் மூடலால் போன கூலியும் கலந்துவிடும். மூடாத இரண்டாம் நிலையத்தின் ஒப்பந்தத் தொழிலாளர்களிடமும் இதே கேள்விகளைக் கேட்டு ஒப்பிட்டால்தான் பிரித்தெடுக்க முடியும்.

பெண்களைத் தனியாகக் கேளுங்கள். கணவர் பக்கத்தில் இருந்தால் "வீட்டில்தான் இருக்கிறேன்" என்பார்கள். டவுன்ஷிப்பில் நாலு வீட்டில் பாத்திரம் கழுவும் கூலி கணக்கில் வராது.