மாடன் இருக்கிறாரா என்று கேட்கிறான் மகன்

கேள்வி: சுடலைமாடன் எங்கள் குலதெய்வம். இன்ஜினியரிங் படிக்கும் மகன் இந்த வருஷம் கோயில் கொடை விழாவுக்கு வரமாட்டேன் என்கிறான். “கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத ஒண்ணு இருக்குன்னு எப்படிம்மா நம்புறது?” என்கிறான். சாமி ஆடும்போது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கிறதே, அதுவும் பொய்யா?
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

மகன் கேட்பது நல்ல கேள்வி. அதட்டி அடக்கிவிடாதீர்கள். ஆனால் புலனுக்கு எட்டாதது எதுவுமே இல்லை என்று முடிவு கட்டியிருந்தால், அவன் படிக்கிற படிப்பே அதை ஒத்துக்கொள்ளாது.

டிவி ரிமோட்டை எடுத்து, முனையில் இருக்கும் சின்ன பல்பைப் பார்த்தபடி பட்டனை அமுக்கச் சொல்லுங்கள். ஒன்றும் தெரியாது. அதையே செல்போன் கேமராவுக்கு நேரே பிடித்து அமுக்கினால், திரையில் வெளிறிய ஊதா நிறத்தில் மினுக்கும். (பின்பக்கக் கேமராவில் தெரியாவிட்டால் செல்ஃபி கேமராவில் பாருங்கள்.) அது அகச்சிவப்பு ஒளி. நம் கண்ணுக்கு அதைப் பிடிக்கும் திறன் இல்லை, அவ்வளவுதான். காதும் அப்படித்தான். சுமார் 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். அதற்கு மேலே வௌவால் போடுகிற சத்தம் நமக்கு இல்லாத மாதிரி.

இதைவிடப் பெரிய சங்கதி உங்கள் தலைக்கு மேலேயே நடக்கிறது. பூமியின் காந்த நடுக்கோட்டை (பூமியின் காந்தப்புலம் தரைக்குக் கிடையாகப் படுத்திருக்கும் கோடு அது) ஒட்டி, சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், பகல் நேரத்தில் ஒரு மின்னோட்டம் கிழக்கு நோக்கிப் பாய்கிறது. நண்பகல் வாக்கில் உச்சத்துக்குப் போகும். நம் திருநெல்வேலிச் சீமை அதற்குக் கீழேதான் கிடக்கிறது. வயலில் நிற்பவருக்கு ஒன்றும் உறைக்காது. ஆனால் தரையில் வைத்த காந்தமானியில் அதன் தடம் தினமும் விழுகிறது. இதை ஆராயவே, நாம் சிற்பம் பார்க்கப் போகிறோமே, அந்தக் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. 1963-ல் திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவிலிருந்து ராக்கெட் விட ஆரம்பித்ததற்கும் இந்தக் காந்த நடுக்கோடுதான் முக்கியக் காரணம்.

சரி, இதையெல்லாம் கேட்டுவிட்டு, “பாத்தியா, மாடனும் அப்படித்தான்” என்று மகனிடம் சொல்லிவிடாதீர்கள். அது நியாயமில்லை. அந்த மின்னோட்டத்தை நம்புகிறவர் வைத்தாலும் நம்பாதவர் வைத்தாலும் கருவி ஒரே அளவைத்தான் காட்டும். மாடனுக்கு அப்படி ஒரு கருவி கிடையாது. கண்ணுக்குத் தெரியாதவை எத்தனையோ உண்டு என்பது, நாம் நினைக்கிற ஒன்று உண்டு என்பதற்குச் சாட்சி ஆகாது. அதேபோல, தெரியவில்லை என்பதை மட்டும் வைத்து இல்லை என்று சொல்ல அவனாலும் முடியாது. எந்தத் தடமும் விடாத ஒன்று இருக்கிறதா என்று கேட்டால், அறிவியல் அங்கே பேசாமல் நிற்கும். அந்த இடத்தில் நீங்கள் நம்பலாம், அவன் நம்பாமல் இருக்கலாம்.

உங்கள் சிலிர்ப்பு பொய்யே இல்லை. கொடையில் நடக்கிற கணியான் கூத்தில் உச்ச மகுடமும் மந்த மகுடமும் என்ற இரண்டு மேளங்கள் ஒன்றையொன்று துரத்தி வேகமெடுக்கும்போது, சுற்றி நிற்பது எல்லாம் சொந்த சனமாக இருக்கும்போது, மயிர்க்கூச்செறியாமல் என்ன செய்யும்? அது உங்கள் உடம்பில் நடந்த உண்மை. அதை உண்டாக்கியது மேளமா, மாடனா என்பதுதான் வேறு கேள்வி. அதற்கு என்னிடம் தீர்ப்புக் கேட்காதீர்கள். மகனும் உங்கள் சிலிர்ப்பைக் கேலி செய்யக் கூடாது. இதை அவனிடம் கண்டிப்பாகவே சொல்லுங்கள்.

மாடன் கோபித்துக்கொள்வார் என்று மட்டும் பயமுறுத்த வேண்டாம். பயந்து வருகிற பிள்ளை அடுத்த வருஷம் வேறு சாக்குச் சொல்லும். கூத்துப் பார்க்க, சித்தப்பா பெரியப்பா பிள்ளைகளோடு இருக்க, படைப்புச் சோறு சாப்பிட வா என்று கூப்பிடுங்கள். திருநீறு பூசுவதும் பூசாததும் அவன் இஷ்டம். அப்படியும் வரமாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். அவன் பங்குக் கொடை வரியை நீங்களே கட்டிவிட்டு, நிம்மதியாகப் போய்க் கும்பிட்டு வாருங்கள்.