கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன்

கேள்வி: என்னிடம் 2006-ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா ஆட்டோமேட்டிக் கார் இருக்கிறது. 1,40,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. ‘பி’யிலிருந்து (பார்க்) ‘ஆர்’க்கு (ரிவர்ஸ்) மாற்றினால் ‘டங்’ என்று இடிக்கிறது. ஓட்டும்போது இரண்டாவது கியர் விழுகிற நேரத்தில் முதுகில் யாரோ தள்ளுவதுபோல் இருக்கிறது. கியர்பாக்ஸை இறக்கிப் பிரிக்க வேண்டும், ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும் என்கிறார்கள். செய்யலாமா?
- வாசகர், திருப்பூர்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கியர்பாக்ஸ் ‘ஆயில்’ பற்றி ஒரு சொல்கூட அதில் இல்லை. ஒரு லட்சம் சொன்னவர் அந்த ஆயிலின் அளவைக் காட்டும் குச்சியை, அதாவது டிப்ஸ்டிக்கை, உருவிப் பார்த்தாரா?

நீங்களே பாருங்கள். இருபது நிமிடம் ஓட்டிவிட்டுச் சமதரையில் நிறுத்துங்கள். இன்ஜினை அணைக்காதீர்கள்; இன்ஜின் ஆயில் பார்க்கிற பழக்கத்தில் பலர் தவறுவது இங்கேதான். பிரேக்கை மிதித்தபடி ‘பி’ முதல் ‘எல்’ வரை ஒவ்வொரு இடத்திலும் சில நொடி நிறுத்தி, மறுபடி ‘பி’க்கு வாருங்கள். டிப்ஸ்டிக்கைத் துடைத்துச் செருகி எடுத்தால், ‘ஹாட்’ என்ற குறிகளுக்குள் ஆயில் நிற்க வேண்டும். குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். இந்த ஆயில் எரிந்து தீர்வதில்லை. ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் விடுங்கள். சிவப்போ இளம் பழுப்போ என்றால் கவலை இல்லை. கறுத்துத் தீய்ந்த வாடை அடித்தால் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் தகடுகள் கருகியிருக்கலாம். அப்போது அந்த ஒரு லட்சத்தைப் பற்றிப் பேசலாம்.

நீங்கள் சொல்லும் இரண்டு உதைப்புக்கும் காரணம் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நின்ற இடத்தில் ‘ஆர்’ போடும்போது இடித்தால் நான் முதலில் இன்ஜினைத் தாங்கும் ரப்பரை, அதாவது இன்ஜின் மவுன்டிங்கைத்தான் சந்தேகப்படுவேன். பானெட்டைத் திறந்து வைத்து, இன்னொருவரைப் பிரேக்கை அழுத்திக்கொண்டு ‘ஆர்’, ‘டி’ என்று மாற்றச் சொல்லுங்கள். பக்கவாட்டில் நின்று பாருங்கள், வண்டிக்கு முன்னால் வேண்டாம். இன்ஜின் துள்ளி எழுந்தால் ரப்பர் போய்விட்டது. சூடான பிறகும் ஐடில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் சுற்றும் வேகம், நிமிடத்துக்கு 1,000 சுற்றுக்கு மேல் நின்றால், இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

ஓடும்போது வரும் உதைப்பு ஆயிலாலோ, கியர்பாக்ஸுக்குள் ஆயில் ஓட்டத்தைத் திறந்து மூடும் மின்வால்வான சொலினாய்டாலோ வரலாம். மீட்டரில் ‘ஓ/டி ஆஃப்’ விளக்கு தானாகவே சிமிட்டினால் கோளாறு பதிவாகியிருக்கிறது. ஸ்கேனர் போட வேண்டும். சிமிட்டவில்லை என்றால் ஆயிலை மாற்றிப் பாருங்கள். இதே மாதிரி ஒரு வண்டி சென்ற ஆண்டு என்னிடம் வந்தது. “சிவப்பாக இருந்தால் போதும்” என்று யாரோ பவர் ஸ்டியரிங் ஆயிலை ஊற்றியிருந்தார்கள்! இந்த வண்டிக்கு டைப் டி-ஃபோர் (Type T-IV) கியர்பாக்ஸ் ஆயில்தான். அதை மூன்று முறை மாற்றியதும் பாதிக்கு மேல் உதைப்பு அடங்கிவிட்டது. ஏன் மூன்று முறை? ஆயிலை வடிக்கும் பிளக்கைக் கழற்றினால் சுமார் மூன்று லிட்டர்தான் வரும். மீதியில் பெரும்பகுதி, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரில் தங்கிவிடும். சில நூறு கிலோமீட்டர் ஓட்டி மறுபடி மாற்றுவது நல்லது. இயந்திரம் வைத்து மொத்தமாக அலசுவதை இவ்வளவு ஓடிய வண்டிக்கு நான் செய்வதில்லை.

முதல் தடவை கியர்பாக்ஸின் அடித்தட்டான ஆயில் பேனையும் கழற்றச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் காந்தங்களில் விபூதியைக் குழைத்ததுபோல் சாம்பல் நிறப் பசை இருக்கும். அது சாதாரணத் தேய்மானம். மினுக்கும் உலோகச் சீவல் இருந்தால் பெட்டியைப் பிரிக்க வேண்டியதுதான். பேனைத் துடைத்துவிட்டு வந்து உங்களிடம் காட்டினால் பயனில்லை. கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள்.