பாதாமி (வட கர்நாடகம்; சாளுக்கியர் தலைநகராக இருந்த பழைய வாதாபி) போக, சுற்ற: சில கேள்விகள், பதில்கள்

சென்னையிலிருந்து ரயிலில் எப்படிப் போவது?

பெங்களூரு போய் மாறுங்கள். மைசூரிலிருந்து பெங்களூரு, ஹூப்ளி, கதக் வழியாக ஓடும் கோல் கும்பஸ் எக்ஸ்பிரஸ் பாதாமியில் நிற்கும், ராத்திரிப் பயணம். சென்னை வண்டிக்கும் இதற்கும் நடுவில் மூன்று மணி நேரமாவது விடுங்கள். இரண்டும் ஒரே ஸ்டேஷனா என்று டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பெங்களூருக்குள்ளேயே ஸ்டேஷன் மாறுவதில்தான் பலருக்கு வண்டி தவறுகிறது.

பாதாமி ஸ்டேஷன் ஊருக்குள் இல்லை, 5 கி.மீ. தள்ளி. வண்டி வரும் நேரத்தில் ஷேர் ஆட்டோ நிற்கும். சாமானை எடுத்துக்கொண்டு சீக்கிரம் வெளியே வாருங்கள்.

ஹம்பி பார்த்துவிட்டு வருகிறோம். நேர் பஸ் உண்டா?

நேர் பஸ்ஸை நம்பிக் காத்திருக்காதீர்கள். ஹொசபேட்டையிலிருந்து கதக் வரை ரயில் அல்லது பஸ். கதக்கிலிருந்து பாதாமி சுமார் 70 கி.மீ.

பக்கத்துக் கோயில் ஊர்களான பட்டதகல், ஐஹொளே இரண்டையும் ஒரே நாளில் பஸ்ஸிலேயே பார்க்க முடியுமா?

முடியும், வரிசையைத் திருப்பிப் போட்டால். பாதாமியிலிருந்து பட்டதகல் 22 கி.மீ., அங்கிருந்து ஐஹொளே இன்னும் 13 கி.மீ. போல. கிட்டே இருப்பதை முதலில் பார்ப்போம் என்று பட்டதகலில் இறங்குகிறவர்கள்தான் சாயங்காலம் ஐஹொளேயில் பஸ் இல்லாமல் நிற்கிறார்கள். அங்கே பஸ் குறைவு. காலை முதல் பஸ்ஸில் நேராக ஐஹொளே போய்விடுங்கள். இரண்டாம் புலிகேசியைப் புகழ்ந்து புலவர் ரவிகீர்த்தி எழுதிய 634-ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கும் மேகுதி குன்றை வெயில் ஏறுமுன் ஏறி இறங்கலாம். பிறகு துர்க்கா கோயில் (துர்க்கை கோயில் இல்லை, துர்க்கம், அதாவது கோட்டை, பக்கத்தில் இருந்ததால் அந்தப் பெயர்), லாட்கான் கோயில், ராவணபடி குடைவரை. மதியத்துக்கு மேல் பட்டதகல். இறங்கும்போதே திரும்பும் பஸ் நேரத்தைக் கண்டக்டரிடம் கேட்டு வையுங்கள்.

போர்டு பெரும்பாலும் கன்னடத்தில்தான் இருக்கும். "பட்டதகல்லு ஹோகுத்தா?" என்றால் போதும். பெண்களுக்கு இலவசப் பயணம் கர்நாடக முகவரி உள்ளவர்களுக்கு மட்டுமே; நம்மவர்கள் டிக்கெட் எடுக்க வேண்டும்.

நாலு பேர் என்றால் ஆட்டோவை நாள் வாடகைக்குப் பேசுவதே மேல். ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, காத்திருப்பும் சேர்த்தா என்று கேட்டு முடிவு செய்யுங்கள். "மகாகூடா" கோயிலையும் சேருங்கள், ஊற்றுக் குளத்தில் குளிக்கலாம், மாற்றுத்துணி வேண்டும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. குடைவரைகளுக்கு ஏற முடியுமா?

நாலு குடைவரைகள், எல்லாம் படிதான். 18 கை நடராஜர் முதலாவதன் வாசலிலேயே இருக்கிறார். மூன்றாவதுதான் பெரியது; 578-ஆம் ஆண்டுக் கல்வெட்டும் அங்கேதான். உட்கார்ந்து உட்கார்ந்து அதுவரை ஏறினால் போதும். தின்பண்டத்தையோ பிளாஸ்டிக் கவரையோ கையில் வைத்திருந்தால் குரங்கு பிடுங்கிவிடும். எல்லாவற்றையும் ஜிப் போட்ட பைக்குள் வையுங்கள். பூதநாதர் கோயிலுக்கு ஏரிக்கரையோடு நடந்தே போகலாம். மாலை வெயிலில் போங்கள்.

வாதாபி கணபதி எங்கே இருக்கிறார்?

இங்கே தேடாதீர்கள். வாதாபியை வென்ற பல்லவத் தளபதி பரஞ்சோதி இங்கிருந்து கொண்டுவந்ததாகச் சொல்லப்படுகிறவர் திருவாரூர் மாவட்டம் திருச்செங்காட்டங்குடியில் இருக்கிறார். அந்த வெற்றிக்குச் சாளுக்கியர் தந்த பதில் பட்டதகலில் நிற்கிறது: சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியை வென்றதற்காக அவன் ராணி லோகமகாதேவி கட்டிய விரூபாட்சர் கோயில். காஞ்சிக் கைலாசநாதரைப் பார்த்துவிட்டு வந்தால் ஜாடை தெரியும். அந்தக் கைலாசநாதர் கோயிலிலேயே அவனுடைய கன்னடக் கல்வெட்டும் இருக்கிறது.

சாப்பாடு?

5 கி.மீ. தள்ளி பனசங்கரி கோயில். குளத்துக்கு எதிரே பெண்கள் கூடையில் ஜோளத ரொட்டி (சோள ரொட்டி) வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ரொட்டி மேல் எண்ணெய்க் கத்தரிக்காய், வேர்க்கடலைச் சட்னிப் பொடி, கெட்டித் தயிர் வைத்துத் தருவார்கள். பொடியில் தயிரை ஊற்றிக் குழைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் காரம் தாங்காது.

எந்த மாதம், எந்தக் கிழமை?

நவம்பர் முதல் பிப்ரவரி. ஜனவரியில் பனசங்கரி ஜாத்திரை (திருவிழா) சமயம் அறை கிடைப்பது கஷ்டம். வெள்ளிக்கிழமை பாதாமி அருங்காட்சியகம் மூடல்.